வாசல் நோட்டில் என் கையெழுத்து

2022 ஆகஸ்ட் 29, திங்கட்கிழமை. காலை ஐந்து இருபதுக்கு விழிப்பு. பால், செய்தித்தாள், குளியல். ஏழே காலுக்கு மூன்று தோசை, தக்காளிச் சட்னி. சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. எட்டு ஐந்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் டவுன் பஸ். இடது பக்கம், மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். எட்டு நாற்பதுக்கு இராஜபாளையத்தில் கடை வாசல்.

அன்றைய டைரிப் பக்கம் இப்படித் தொடங்குகிறது. முப்பது ஆண்டுகளாக எல்லாப் பக்கமும் ஏறக்குறைய இப்படித்தான் தொடங்கும். தோசையின் எண்ணிக்கை மட்டும் மாறும். எதையும் ஆறப்போட்டு எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. நடந்ததை நடந்த நேரத்திலேயே எழுதிவிடுவேன்.

அந்தப் பக்கத்தில் பகல் பன்னிரண்டு மணிக்குக் கீழே ஒரு வரி இருக்கிறது. என் டைரிகள் அத்தனையிலும் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான்.

பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, இன்றைக்கும் எனக்கு அதே பஸ்தான். பாதி வழியில், இராஜபாளையத்திலிருந்து வரும் பஸ் எங்களைக் கடக்கும். அதில் ஒரு பெண்மணி ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குக் கை காட்டுவார். பஸ் பயணம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. மூக்கருகே ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிடித்திருப்பார். நானும் கை காட்டுவேன். காட்டிவிட்டு, அன்றைய காலைப்பொழுதை அத்தோடு கெடுத்துக்கொள்வேன்.

மீன்களுக்கு நடுவே

எங்கள் கடையில் தரைத்தளத்தின் முன்பகுதி டிவி. பின்பகுதி ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும். மாடியில் மிக்ஸி, கிரைண்டர், ஏசி. வாசலை ஒட்டிய முன்பகுதி என் பொறுப்பு.

பதினான்கு டிவிகளிலும் ஒரே படம்தான் ஓடும். கம்பெனிக்காரர்கள் கொடுத்த கடலடிப் படம். இடப்பக்கமிருந்து ஒரு நீல மீன் வரும். பத்து எண்ணுவதற்குள் மஞ்சள் மீன்கூட்டம். பிறகு ஆமை. ஆமை திரும்பிப் பார்த்ததும் மறுபடி நீல மீன். காலை ஒன்பதரையிலிருந்து கடை அடைக்கும்வரை இதுதான். என் மகள் பள்ளியில் மேடையேறி ஆடியதைக்கூட நான் இத்தனை தடவை நினைத்துப் பார்த்திருக்க மாட்டேன்.

எங்கள் வேலையில் உட்கார முடியாது. உட்காரலாம் என்று சட்டம் வந்தபோது ஆளுக்கொரு ஸ்டூல் வந்தது. என் ஸ்டூலில் ஸ்டெபிலைசர் பெட்டி உட்கார்ந்திருக்கிறது.

ஒருவர் வருவார். நாற்பது நிமிடம் ஒவ்வொன்றாகக் கேட்பார். ஒவ்வொன்றாகச் சொல்வேன். கடைசியில் டிவியின் பின்னால் குனிந்து மாடல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, "வீட்ல கேட்டுட்டு வாரேன்" என்பார். அவர் கேட்கப்போகும் வீடு அவர் கையில் இருக்கும் போனுக்குள்ளேயே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். "வாங்க சார்" என்று சொல்லத்தான் வேண்டும்.

சித்திரை வெயிலில் ஏசிக் காற்றுக்காக வந்து, வாஷிங் மெஷின் மூடியைத் திறந்து திறந்து மூடுகிறவர்கள் உண்டு. நேற்று வாங்கிய ரிமோட்டில் பட்டன் அமுங்கவில்லை என்று, சாம்பார் காய்ந்த ரிமோட்டை நீட்டுகிறவர்கள் உண்டு. ஷிப்டு முடிந்து முடியில் பஞ்சோடு வரும் மில் ஆட்கள் எதையும் தொட மாட்டார்கள். இருப்பதிலேயே பெரிய டிவி முன் ஒரு சுற்று மீன் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை.

இதெல்லாம் எந்தக் கடையிலும் உள்ளதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கலாம். என்னால் நிற்க முடியாமல் போனது வேறொன்றால். அது வாசலில், மேசைமேல், நூலில் கட்டிய பேனாவோடு கிடந்தது.

"யாரப் பாக்கணும்?"

எங்கள் முதலாளி வீட்டில் தெலுங்கும் கடையில் தமிழும் பேசுகிறவர். அந்த ஆகஸ்ட் முதல் தேதி, வாசலில் ஒரு நீள நோட்டு போட்டார். உள்ளே வருகிறவர்களிடம் வாசல் மேசை முத்துலட்சுமி, "யாரப் பாக்கணும்?" என்று கேட்க வேண்டும். "சும்மா டிவி பாக்கணும்" என்றால் எழுத வேண்டியதில்லை. ஆள் பேரைச் சொல்லிக் கேட்டால் மட்டும் நேரத்தையும் அந்தப் பேரையும் எழுத வேண்டும்.

"வித்தது யாருன்னு பில்லு சொல்லீரும்" என்றார் முதலாளி. "சனம் யாரத் தேடி வருதுன்னு பில்லு சொல்லாதுல்ல?"

காரணம் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களுக்கு ஒரு கிளை திறக்க ஏற்பாடு ஆகியிருந்தது. அதற்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். மாதக் கடைசியில் நோட்டில் யார் பேர் அதிகமோ அவருக்கே அந்த நாற்காலி.

நாற்காலி என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே உட்காரக்கூடிய நாற்காலி. அது என் வீட்டிலிருந்து ஏழு நிமிட நடையில் இருந்தது. தேரடி வழியாகப் போனால் எட்டு. இரண்டு வழியிலும் நடந்து பார்த்திருந்தேன். பத்தொன்பது ஆண்டு பஸ் பயணம் முடிந்து, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்ச் சூடாகச் சாப்பிடலாம். என் மனைவி கோமதியிடம் சொல்லவில்லை. சொன்னால், கிடைத்த மாதிரியே சமைக்கத் தொடங்கிவிடுவாள்.

தினமும் வீட்டுக்குக் கிளம்பும்போது நோட்டைப் புரட்டி எண்ணுவேன். பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் கடையில், இரண்டு பேருடைய பேர்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன. 29-ஆம் தேதி காலைக் கணக்குப்படி சங்கர், அதாவது நான், நாற்பத்தாறு. ஜெபராணி நாற்பத்தாறு.

ஜெபராணி

எலுமிச்சம்பழத்தோடு எதிர் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறவர் இவர்தான். அப்போது ஃபிரிட்ஜ் பகுதியில் என்னோடு வேலை செய்தார். என்னைவிட நான்கு வயது இளையவர். இராஜபாளையத்துக்காரர்.

நான் ஒவ்வொரு வாடிக்கையாளரையும் பற்றி எழுதி வைத்திருப்பேன். பேர், ஊர், மாடல், சீரியல் எண், வாரண்டி முடியும் நாள். ஜெபராணி ஒரு வரி எழுத மாட்டார். லிட்டருக்கும் கிலோவுக்கும் தடுமாறுவார். ஒருமுறை ஃபிரிட்ஜை "இது ஏழு கிலோ" என்று விற்றே விட்டார்.

ஆனால் உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஏதோ ஒரு முறை உறவு ஆகிவிடும். மதினி, சித்தப்பா, மாப்பிள்ளை. "மதினி, போன தடவ முட்டி வலின்னீகளே, செத்த உக்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போடுவார். அவர் ஸ்டூலில் மட்டும் பெட்டி எதுவும் இருந்ததில்லை. வந்தவர் உட்கார்வார். உட்கார்ந்தவர் வாங்காமல் எழுந்திருக்க மாட்டார்.

என்னிடம் வாங்கிய ஒருவர், நான் பெயர், ஊர், வாரண்டி எல்லாவற்றையும் பார்க்காமல் ஒப்பித்த பிறகு, என்னிடமே கேட்டார்: "அந்தச் சிரிச்ச மொகத்து அக்கா இல்லையா?"

இது எனக்குப் புதிதல்ல. இருபது வயதில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கேசட் கடையில் பாட்டுப் பதிவு செய்து கொடுக்கும் வேலை பார்த்தேன். பாட்டுகளின் பேரை வரிசையாக, கோடு போட்ட அட்டையில் எழுதிக் கேசட்டுக்குள் வைப்பேன். உடன் வேலை பார்த்தவன் அட்டையே எழுத மாட்டான். பாதிப் பாட்டில் டேப் தீர்ந்துவிடும். "மிச்சத்த நீங்களே பாடிக்கோங்கண்ணே" என்பான். அவர்கள் சிரித்துக்கொண்டே போய், அடுத்த வாரம் அவனிடமே வருவார்கள். என் அட்டைகள் இப்போதும் என்னிடம் இருக்கின்றன. யாரும் கேட்டு வந்ததில்லை.

நாற்காலி விஷயத்தில் ஜெபராணி சொன்னதுதான் எல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது. "எனக்கு எதுக்குண்ணே ஸ்ரீவில்லிபுத்தூரு? பஸ்ஸுன்னாலே கொமட்டும். உங்களுக்கே குடுக்கட்டும்."

எனக்கு வேண்டியது அவருக்கு வேண்டாமாம். வேண்டாதவருக்கு நாற்பத்தாறு.

ஒழுங்கைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காலையில் குடோனில் பெட்டிகளை வரிசை பார்ப்பது என் வேலை. இரண்டு வாரமாக ஒரு ஃபிரிட்ஜ் பெட்டி வரிசைக்கு வெளியே, முகப்பு சுவரைப் பார்க்க நின்றிருந்தது. அதன் முதுகில் சாக்பீஸால் "யாரும் தொடாதீங்க. ராணி" என்று கோணல் எழுத்து. என் இருப்புப் பட்டியலில் அந்தப் பெட்டி இல்லை. கேட்டேன்.

"தென்காசிக் கடையில ஒண்ணே ஒண்ணு கெடந்துச்சுண்ணே. முதலாளிகிட்ட சொல்லித்தான் வரவழைச்சேன். ஒரு மதினிக்கு" என்றார்.

அன்று காலையும் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

எமகண்டம் முடிந்த பிறகு

திங்கட்கிழமை என்பதால் கூட்டம் இல்லை. பன்னிரண்டு மணிக்கு ஜெபராணி சாப்பாட்டு டப்பாவோடு மொட்டை மாடிக்குப் போனார். வாசல் மேசையில் முத்துலட்சுமி இல்லை. தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். மணி பன்னிரண்டு ஏழு.

ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாள் வந்தார். இடது கையில் மஞ்சள் துணிப்பை. பையிலிருந்து பழுத்த கொய்யாவின் வாசனை அவருக்கு முன்னால் கடைக்குள் வந்தது.

"பன்னெண்டு தாண்டிருச்சுல்ல அண்ணாச்சி?"

"பன்னெண்டு ஏழும்மா."

"அப்பச் சரி. எமகண்டம் போகட்டும்னு பஸ் ஸ்டாண்டுலயே குத்த வச்சிருந்தேன். மம்சாபுரத்துல இருந்து வாரேன். பேரு காளியம்மா. ராணியக் கூப்பிடுங்க."

ஒரு குரல் கொடுத்தால் மாடியிலிருந்து இறங்கி வந்துவிடுவார். நாற்பத்தேழு ஆகிவிடும்.

"அவங்க இன்னைக்கு லீவும்மா" என்றேன்.

காளியம்மாள் முகம் வாடிவிட்டது. "லீவா? திங்கக்கெழம வாங்கன்னு அவதானே சொன்னா? போனு போட்டுப் பாக்கட்டா?"

"எடுக்க மாட்டாங்க."

இது பொய்யில்லை. வேலை நேரத்தில் எங்கள் போன்கள் எல்லாம் லாக்கரில் இருக்கும்.

"நாளைக்கு வர ஏலாதே அண்ணாச்சி. சின்னவளுக்குக் கல்யாணம். சாயந்திரம் நாலே முக்காலுக்கு மேல ஒரு மணி நேரந்தான் நல்ல நேரம். அதுக்குள்ள சீர்ப் பெட்டியப் பிரிச்சு மஞ்ச குங்குமம் வைக்கணும்."

"நான் காட்டுறேன், வாங்க."

அதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். நூலில் கட்டிய பேனாவை எடுத்து வாசல் நோட்டில் எழுதினேன்: 12.07, சங்கர்.

என் சட்டைப் பையிலிருந்த டைரியிலும் எழுதினேன்: "12.07. மம்சாபுரம் காளியம்மாள். என்னைத் தேடி வந்தார்."

உள்ளே போகும்போது அவர் சொன்னார், "மூத்தவளுக்கு எடுத்த மாதிரியே வேணும். செவப்புல பூப் போட்டது. ஒத்தக் கதவு. ராணிகிட்ட அப்பயே சொல்லி வச்சிருக்கேன்."

கம்ப்யூட்டரில் தட்டினேன். அந்த மாடல் நின்றுபோய் ஓராண்டு ஆகியிருந்தது. "அது இப்ப வாரதே இல்லம்மா" என்றேன். கம்ப்யூட்டர் சொன்னதைத்தான் சொன்னேன்.

பூப்போட்டது என்றதும் குடோன் சுவரோரப் பெட்டி ஒரு நொடி மனதில் வந்து போனது. அதன் முகப்பில் என்ன படம் என்று நான் திருப்பிப் பார்த்ததில்லை. பார்க்காமல் இருந்தது அந்த நேரத்துக்கு வசதியாக இருந்தது.

இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்றின் முன் அவரை நிறுத்தினேன். லிட்டர், நட்சத்திரம், கம்ப்ரசருக்குப் பத்து ஆண்டு வாரண்டி, மேல் கதவைத் திறந்தால் கீழே குளிர் போகாது, எல்லாவற்றையும் ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். விநாயகர் சதுர்த்தி சலுகையில் இது ஒத்தைக் கதவு விலையை ஒட்டியே வருகிறது என்றும் சொன்னேன். அதுவும் உண்மை.

அவர் ஃபிரிட்ஜைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "ராணி பாத்து வச்சது இதானா?"

"அதவிட நல்லது" என்றேன்.

போகும்போது மஞ்சள் பையை நீட்டினார். "எங்க தோட்டத்துக் கொய்யா. நாளைக்கு வந்தா ராணிகிட்ட குடுத்துருங்க." வாங்கி என் மேசைக்கு அடியில் தள்ளினேன். பன்னிரண்டு ஐம்பதுக்குப் பெட்டி குட்டி யானை வண்டியில் ஏறி, மம்சாபுரத்துக்குப் போனது. அந்த அம்மாளும் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

கொய்யா வாசனை

கதவு மூடிய கடை, ஏசிக் காற்று. இரண்டு மணிக்குள் கொய்யா வாசனை டிவி பகுதி முழுவதையும் பிடித்துக்கொண்டது. நீல மீன் போகும் இடமெல்லாம் கொய்யா.

ஜெபராணி மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார். "எங்கயோ கொய்யாப்பழ வாசம் வருதேண்ணே?"

"ரூம் ஸ்ப்ரேயா இருக்கும்."

"கொய்யாவுல ரூம் ஸ்ப்ரேயா?" என்று நின்றார். "அம்புட்டும் அசல் வாசம்ணே." போய்விட்டார்.

கடையின் பின்பகுதியிலிருந்து அடிக்கடி வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முத்துலட்சுமியிடம் இரண்டு முறை கேட்டார், "மம்சாபுரத்துல இருந்து ஒரு மதினி வந்தா என்னையக் கூப்பிடு. இன்னும் காணல." முத்துலட்சுமிக்கு ஒன்றும் தெரியாது. நான் ஒரு டிவியைத் துடைத்தேன். அது ஏற்கெனவே துடைத்த டிவிதான்.

ஒரு கதவு கூட

மூன்று முப்பத்தைந்துக்கு ஓர் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. காளியம்மாள் இறங்கினார். முந்தானை தோளில் நிற்கவில்லை.

முத்துலட்சுமி, "யாரப் பாக்கணும்?" என்றார்.

"ராணி இல்லன்னாகளே. மத்தியானம் ஃபிரிட்ஜு குடுத்த அண்ணாச்சி..." என்றவர் பாதியில் நிறுத்தினார். உள்ளே ஜெபராணி நின்றுகொண்டிருந்தார்.

"ஏட்டி ராணி! நீ லீவுன்னாகளே!"

ஜெபராணி அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மூன்று விநாடி இருக்கும். பதினான்கு டிவியிலும் ஆமை திரும்பிப் பார்த்தது.

"ஆமா மதினி. காலைல ஒரே தலவலி. இப்பத்தான் வந்து நிக்கேன்."

காளியம்மாள் கிட்டே போய் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "சுடத்தானட்டி செய்யுது" என்றார்.

எனக்கு அந்த இடத்தில் நன்றி தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. என் பொய்யை நான் பேனா பிடித்து எழுத வேண்டியிருந்தது. அவர் பொய் சொன்னால் நெற்றி சுடுகிறது. பொய்யில்கூட இவரை மிஞ்ச முடியவில்லையே என்றுதான் தோன்றியது.

"என்ன மதினி, வேர்த்து விறுவிறுத்து வாரீக?" ஸ்டூல் வந்தது. காளியம்மாள் உட்கார்ந்தார்.

"வண்டிய விட்டு எறக்கும்போதே மூத்தவ பாத்துட்டா. பெட்டியிலதான் படம் போட்டிருக்கே. எனக்கு ஒத்தக் கதவு, தங்கச்சிக்கு ரெட்டக் கதவான்னா. அம்புட்டுத்தான், பொறவு பேச்சே இல்ல. உள்ள போயி துணிய எடுத்துப் பையில வைக்கா. மருமகன் இந்தக் கல்யாணத்துக்குன்னே பட்டாளத்துல இருந்து லீவு போட்டு வந்திருக்காரு. உங்க சின்ன மக கல்யாணத்த நீங்களே பாத்துக்கோங்கன்னு அவரும் செருப்ப மாட்டிட்டாரு."

ஜெபராணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவுக அப்பா இல்லாத வீடு. மணமேடையில முன்னுக்க நிக்க வேண்டிய ஆளு அவருதான். அவரு போயிட்டா நான் யாரக் கொண்டு நிறுத்துவேன்? இதுக்குத்தானே ரெண்டு பேருக்கும் ஒரே அளவு, ஒரே நெறம்னு ஒன்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன்?" என்னைப் பார்த்தார். "அண்ணாச்சியச் சொல்லிக் குத்தமில்ல. அவரு நல்லதுன்னுதான் குடுத்தாரு."

அது இன்னும் மோசமாக இருந்தது.

"மூத்தவ ஆசக்காரி இல்லட்டி" என்றார் மறுபடி. "ஒண்ணும் கேக்கவே மாட்டா. ஒரு கதவு கூடப் போச்சேன்னுதான் அழுதா."

அந்தக் கடையில் நின்றிருந்த அத்தனை பேரிலும் மூத்தவளின் அழுகை எனக்குத்தான் புரிந்தது. அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவள் பையில் எந்தப் புடவையை எப்படி மடித்து வைத்திருப்பாள் என்றுகூட எனக்குத் தெரிந்தது. அவளுக்கு அந்த ஃபிரிட்ஜ் வேண்டாம். யாருக்காவது ஒன்று கூடப் போவதைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி நிற்க வேண்டியிருக்கிறதே, அதுதான். அதை என் கையாலேயே வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தேன்.

"பெட்டியப் பிரிச்சீகளா மதினி?" ஜெபராணி கேட்டார்.

"எங்க பிரிக்க? நாலே முக்காலுக்குத்தானே நேரம்."

"பொறவு என்ன? அஞ்சே முக்கால் வரைக்கும் இருக்கு. மூத்தவளுக்கு எடுத்ததுதான் ஒங்களுக்குன்னு ஒண்ணு வச்சிருக்கேன், அசல் அதே செவப்பு, அதே பூவு. அண்ணே, குடோன்ல என் பெட்டி நிக்குதுல்ல?"

யாரையும் கூப்பிடவில்லை. நானே தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போனேன். சாக்பீஸ் எழுத்து என்னைப் பார்த்தது. பெட்டியைத் திருப்பினேன். முகப்பில் சிவப்பு ஃபிரிட்ஜ், ஒத்தைக் கதவு, கதவு நிறைய வெள்ளைப் பூ.

நான்கு பத்துக்கு வண்டி கிளம்பியது. அதற்குள் காளியம்மாள் ஜெபராணியிடம் கேட்டார், "கொய்யாப்பழம் குடுத்துட்டுப் போனேனே, தின்னியா?"

"வந்ததும் ஒண்ணு தின்னேன் மதினி. கல்கண்டு மாதிரி இருந்துச்சு."

இரண்டாவது பொய். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

ஐந்து ஐந்துக்கு மம்சாபுரத்திலிருந்து டிரைவர் போன் செய்தார். பெட்டியை இறக்க ஆள் கிடைக்குமா என்று பயந்தேன் என்றார். "அந்தப் பட்டாளத்துக்காரரே வந்து தூக்கிட்டாரு சார். மொதப் பொட்டு அக்காக்காரிதான் வச்சுது."

ரூம் ஸ்ப்ரே

ஆறேகாலுக்கு டீ வந்தது. ஜெபராணி கிளாஸோடு என் மேசைக்கு வந்தார். கேட்கப் போகிறார் என்று தயாராக நின்றேன். என்ன பதில் சொல்வது என்று வரிசைப்படுத்தியும் வைத்திருந்தேன்.

அவர் குனிந்து மேசைக்கு அடியிலிருந்து மஞ்சள் பையை இழுத்தார். இரண்டு பழங்களை எடுத்து, முந்தானையில் துடைத்து, என் மேசைமேல் வைத்தார்.

"ரூம் ஸ்ப்ரே ரெண்டு வச்சுக்கோங்கண்ணே."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டடி போனவர் திரும்பினார்.

"வாசல் நோட்டப் பாத்தேன். முத்துலட்சுமி எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும். நடுவுல ஒண்ணு மட்டும் அச்சடிச்ச மாதிரி இருக்குண்ணே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். போய்விட்டார்.

கிளம்பும்போது வழக்கம்போல நோட்டை எண்ணினேன். மாலையில் காளியம்மாள் வந்ததை முத்துலட்சுமி ஜெபராணி பேரில் எழுதியிருந்தார். வேறு யாரையும் அன்று யாரும் தேடி வரவில்லை. நாற்பத்தேழு, நாற்பத்தேழு. சமம். அச்சடித்த மாதிரி இருந்த ஒரு வரிதான் அந்தச் சமத்தைத் தாங்கிக்கொண்டு நின்றது. மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. இரண்டு நாளில் என்னைத் தேடி மூன்று பேர் வரலாம். ஏழு நிமிட நடை. சூடான சோறு.

வீட்டில் கோமதி கொய்யாவை நறுக்கி உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவினாள். "யாரு குடுத்தா?"

"ஜெபராணி."

"அந்தம்மாவப் பத்தி நீங்க நல்லதா ஒரு வார்த்த சொல்லி நான் கேட்டதில்ல. பழமெல்லாம் குடுத்துவிடுதாக."

ஒரு துண்டு எடுத்தேன். ஜெபராணி சொன்னது சரிதான். கல்கண்டு மாதிரிதான் இருந்தது. அதையும் தின்னாமலேயே எப்படிச் சரியாகச் சொன்னார் என்று நினைத்துக்கொண்டே மென்றேன்.

அந்த டைரி வரியை இன்றுவரை அடிக்கவில்லை. என் டைரியில் அடித்தல் திருத்தல் கிடையாது. பொய்யும் அது எழுதப்பட்ட நேரத்தோடு அங்கேயே இருக்கட்டும்.

வாசல் நோட்டு என்னுடையதல்ல. மறுநாள், செவ்வாய், ஒரு பஸ் முந்திப் போனேன். முத்துலட்சுமி இன்னும் வந்திருக்கவில்லை. மீன்களை எழுப்பவில்லை, குடோனுக்கும் போகவில்லை. முதல் வேலையாக நோட்டைத் திறந்து, ஸ்கேல் வைத்து, சிவப்பு மையால் என் பேரின்மேல் ஒரு கோடு போட்டேன். அதற்கு மேலே நீல மையில் "ஜெபராணி" என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமும் நேரமும் இட்டேன். எட்டு இருபத்தொன்று.

அவர் பேரையும் அச்சடித்த மாதிரிதான் எழுதினேன்.